மலை இறங்கிய பிறகும் 13 மீட்டர்

2019 ஆகஸ்டில் எங்கள் ஜீப்புக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானதா என்ற சோதனை) காட்டி, ஒரு குறையும் சொல்லாமல் பாஸ் ஆனது. அடுத்த மாதமே ஏலகிரியிலிருந்து இறங்கும்போது, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாதிதான் தாண்டியிருப்போம், பிரேக் பெடல் அடிப்பலகை வரை போய்விட்டது. பின்னால் அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள். கியரைக் குறைத்து, மலைப்பக்கம் ஒதுக்கி, உருட்டி நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தது. ஏதாவது உடைந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். எதுவும் உடையவில்லை.

வேலூர் வந்து மெக்கானிக் பாயிடம் காட்டினேன். மிதித்துப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, பிரேக்கு நல்லாத்தான கீது?" என்றார். அவர் மிதித்தபோது நன்றாகத்தான் இருந்தது.

வண்டி மஹிந்திரா எம்.எம். 540. 1989 ஆகஸ்டில் அப்பா வாங்கியது. வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிவதற்கு முந்தைய மாதம். 2112 சி.சி. பெஜோ டீசல் என்ஜின், நாலு கியர், பட்டை ஸ்பிரிங், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2004, 2009, 2014, 2019 என்று நாலு முறையும் முதல் தடவையிலேயே பாஸ். அந்த நாலு சான்றிதழ்களையும் நம்பித்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனேன்.

பிரேக் இன்ஸ்பெக்டரைக் குறை சொல்ல மாட்டேன். 30 கி.மீ. வேகத்தில் மிதித்தால் 13 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. நின்றது. ஆனால் அன்று டிரம் குளிர்ந்திருந்தது, வண்டியில் ஆள் இல்லை, மிதித்தது ஒரே ஒருமுறை. மலையிறக்கத்தில் நடப்பது வேறு. சக்கரத்தோடு சுற்றும் டிரம் சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தி நிறுத்தும் ஷூவை விட்டு விலகும். பெடல் இன்னும் கீழே போக வேண்டியிருக்கும். அதோடு பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி; ஈரம் ஏறிய பிறகு அது 140 வரைக்கும் இறங்கலாம். குழாய்க்குள் ஆயில் கொதித்து ஆவியானால் நாம் மிதிப்பது ஆவியைத்தான். ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், பெடலும் கெட்டியாகிவிடும். நாங்கள் பல வருடமாக ஆயில் குறைந்தால் ஊற்றினோமே தவிர, முழுதாக மாற்றியதே இல்லை.

ஆயிலை உடனே மாற்றினேன். ஆனாலும் அடுத்த எஃப்.சி.க்குள் அதே சோதனையை நானே பல நிலைமைகளில் செய்து எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. 2023 டிசம்பரில்தான் கை வைக்க முடிந்தது. சேர்க்காடு பக்கம் நண்பரின் செங்கல் சூளைக்குப் போகும் தனிப்பாதை. சூளை ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள். சுண்ணாம்புக் கோடு, 30 மீட்டர் டேப், ஒரு நோட்டு.

முதல் நாளே ஒரு தவறு பிடிபட்டது. கம்பெனி டயர் 6.00-16. எங்கள் வண்டியில் பல வருடமாக 7.00-16. டயர் பெரிதானதால் மீட்டரில் 30 காட்டும்போது உண்மையான வேகம் கிட்டத்தட்ட 33. மூன்று கி.மீ.தானே என்று விட முடியாது. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். ஐந்தில் ஒரு பங்கு அதிகம் வந்துவிடும். அதிலிருந்து போன் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துத்தான் மிதிக்கிறேன்.

குளிர்ந்த நிலையில் மூன்று முறை: 9.8, 9.6, 10.1 மீட்டர். இதோடு விட்டிருந்தால் வண்டி அருமை என்றுதான் எழுதியிருப்பேன். பிறகு இடைவெளி விடாமல் பத்து முறை. ஆறாவது 11.9. பத்தாவது 14.6, வண்டி வலப்பக்கம் இழுத்தது. இறங்கி லேசர் தெர்மாமீட்டரை டிரம்மில் காட்டினேன். முன் வலது 210 டிகிரி. முன் இடது 130. அந்த இரண்டு எண்களைப் பார்த்தபோது ஏலகிரி வளைவு அப்படியே கண்முன் வந்தது.

அடுத்த வாரம் பாயும் நானும் டிரம்மைக் கழற்றினோம். ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில், இடது பக்கம் ஒரு பிஸ்டன் துருப்பிடித்து நின்றுவிட்டிருந்தது. வலப்பக்கம் இரண்டு பேர் வேலையை ஒருத்தனாகச் செய்து சூடேறியிருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது இது தெரியவே தெரியாது. நாலு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. டிரம்களை லேத்தில் கொடுத்து, ஷூ மேல் ஒட்டும் உராய்வுப் பட்டையான லைனிங்கைப் புதிதாகப் போட்டு, டிரம் வளைவுக்குத் தேய்த்து உட்கார வைத்தோம். பாய் அன்று சொன்னது: "இத்தினி வருசம் ஒரு பக்க பிரேக்குலதான் ஓட்டினு இருந்துக்கிறீங்க." பிறகு பத்தாவது மிதி 11.8.

ஹேண்ட் பிரேக் இன்னொரு கதை. இந்த வண்டியில் அது பின்சக்கரத்தில் இல்லை. என்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும் சின்ன டிரம். பக்கத்திலேயே ஆயில் சீல். சீல் கசிந்தால் லைனிங் ஊறிவிடும். எஃப்.சி.க்கு முந்தின நாள் பெட்ரோல் விட்டுக் கழுவினால் அன்றைக்குப் பிடிக்கும். மூன்று வாரத்தில் சரிவில் நழுவும். நான்கு வாரம் ஒரே சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை எத்தனை பல் இழுத்தால் பிடிக்கிறது என்று எழுதியதில்தான் இது தெரிந்தது. சீல் மாற்றியும் கசிந்தது. கடைசியில் பார்த்தால் கேஸின் உள்காற்று வெளியேறும் மூச்சுக்குழாய் மண்ணில் அடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளியிருக்கிறது.

புகைச் சோதனையிலும் இதே பாடுதான். பழைய டீசலுக்கு வரம்பு 65 ஹெச்.எஸ்.யு. (புகையின் கருமையைச் சொல்லும் அளவு). ஒரு சோதனை மையத்தில் வண்டி போய் நின்றதும் குழாயைச் சொருகினார்கள்: 71. இருபது கி.மீ. ஓட்டி என்ஜின் சூடானதும் இன்னோர் இடத்தில் 48. டீசல் தெளிக்கும் நாசிலை மாற்றவில்லை, டீசல் பம்பைத் தொடவில்லை. என்ஜின் சூடான பிறகு எடுப்பதுதான் முறை, கேட்டு வாங்குங்கள்.

கிரீஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஃப்.சி. காட்டுவதற்கு முன் எல்லா முனையிலும் கிரீஸ் அடிப்பது வழக்கம். அது தேய்மானத்தால் வரும் ஆட்டத்தை மறைத்துவிடும். அமிர்தி பக்கம் மண் பாதையில் ஒரு மாதம் ஓடிய பிறகு, கிரீஸ் அடிக்காமல், ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினேன். சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங் பின்னில், இடது பக்கம் நன்றாகவே ஆட்டம். ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுத்துச் சரி செய்தோம்.

2024 ஜூன். நானும் பாயும் மட்டும், பின்னால் ஆறு மூட்டை மணலோடு ஏலகிரி ஏறினோம். இறங்கும்போது இரண்டாம் கியர். அடிவாரத்தில் முன்பே கேட்டு வைத்திருந்த ஒரு மாந்தோப்புப் பொட்டலில் டிரம் ஆறுவதற்குள் மிதித்தேன். 12.2 மீட்டர். பாய் டேப்பை இரண்டு முறை பிடித்துப் பார்த்தார்.

ஆகஸ்டில் 5,000 ரூபாய் கட்டி எஃப்.சி. காட்டியது இருபது நிமிட வேலை. 2022 ஏப்ரலுக்கு முன் இது 600தான். 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ஆகிவிட்டது.

நோட்டு நிற்கவில்லை. மழைக்காலத்தில் ஓடை ஒன்றைத் தாண்டியதும் எடுத்த அளவு: முதல் மிதி 16.3, இரண்டாவது 12.7, மூன்றாவது 10.5. டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கிறது. இப்போது ஓடை தாண்டியதும் பெடலை லேசாக அழுத்தியபடியே இருநூறு மீட்டர் ஓட்டிக் காயவைக்கிறேன். அந்த இருநூறு போதுமா, முந்நூறு வேண்டுமா என்பதை அடுத்த மழையில் அளக்க வேண்டும்.