துண்டு வெட்டிக்கொண்டு வந்த ஐயா

ஐயாவுக்கு முதலில் சோறுதான் இறங்க மறுத்தது. பிறகு புட்டு. குழம்பை ஊற்றிக் குழைத்துக் கொடுத்தாலும் நெஞ்சுக்குள் நிற்கிறது என்பார். மார்கழி மழைக்குள் வயலுக்குப் போய் வந்த சளியாக்கும் என்று அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். தை பிறந்தபோது கஞ்சியையே மிடறு மிடறாகத்தான் குடித்தார். சேட்டெல்லாம் தோளில் தொங்கத் தொடங்கியது.

கமரா விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய். ஸ்கான் எடுத்தபோது ஈரலிலும் இருந்தது. ஐம்பது வருஷமாக வெற்றிலையும் புகையிலையும் போட்ட வாய்.

இதை டொக்டர் என்னிடம் விறாந்தையில் வைத்துச் சொன்னார். ஐயா உள்ளே கட்டிலில் இருந்தார். பத்து அடி தூரம் இருக்காது. நோயாளியிடம் சொல்லாமல் மகளிடம் சொன்னதைப் பற்றி அன்று எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனேன். "என்னவாம்?" என்று கேட்டார். "அல்சராம் ஐயா, மருந்தெடுத்தாச் சுகமாகும்" என்றேன்.

மூன்று கிழமை அந்தப் பொய்யைக் கொண்டு திரிந்தோம். அம்மா, நான், என் கணவர், கனடாவில் இருக்கும் தம்பி என எல்லோரும். தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார் என்பதுதான் எங்கள் நியாயம். அதிகாலை நாலு மணிக்கு வான் பிடித்து, பரந்தனுக்கு வந்து, ஆனையிறவு தாண்டி, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே எந்தக் கிளினிக்குக்கு முன்னால் வரிசையில் நிற்கிறோம் என்பது பெயர்ப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. ஐயா வாசிக்கத் தெரியாதவரா? 1970களின் தொடக்கத்தில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தில் வடமராட்சியில் இருந்து விசுவமடுவுக்கு வந்து மிளகாய் போட்டவர். இறக்குமதி நின்றிருந்த காலத்தில் செத்தல் விற்ற காசில் கல்வீடு கட்டியவர். பேப்பரில் மரண அறிவித்தல் வரை வாசிப்பார்.

மூன்றாவது பயணத்தில், திரும்பி வரும்போது, ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிள்ளை, எனக்கு என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் எனக்கு முன்னால நடிச்சுக் களைச்சுப் போறதைப் பாக்கத்தான் கஷ்டமாக் கிடக்கு."

வானுக்குள் வைத்தே அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் எல்லாம் லேசானது. மூன்று கிழமை என்பது அவருக்கு மிச்சமிருந்த காலத்தில் ஒரு பெரிய பங்கு. அதை நான் எடுத்துக்கொண்டேன் என்ற நோ இன்னும் போகவில்லை. என்ன வருத்தம் என்றே சொல்லாமல் ஒருவரை "உங்கட விருப்பம் என்ன" என்று எப்படிக் கேட்பது?

ஐந்து தரம் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் தண்ணீர்ச் சாப்பாடு நன்றாக இறங்கியது. அடுத்ததாக இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று கீமோ. மற்றது, வயிற்றில் சின்னத் துளை போட்டு, குழாய் வைத்து, அதற்குள்ளால் சாப்பாடு விடுவது. இந்த முறை டொக்டரை ஐயாவிடமே கதைக்கச் சொன்னேன். அந்த டொக்டர் நல்ல பிள்ளை, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கதைத்தார். "இதால வருத்தம் மாறுமோ?" என்று ஐயா கேட்டார். மாறாது, கொஞ்சக் காலம் கூடலாம், பக்கவிளைவும் இருக்கும் என்றார் டொக்டர். ஐயா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அப்ப எனக்குத் துண்டை வெட்டி விடுங்கோ தம்பி, நான் வீட்டை போறன். நோவுக்கு மட்டும் மருந்து தாங்கோ" என்றார்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. பட்டினி போட்டுக் கொல்லுறதோ என்று என்னோடு சண்டை பிடித்தார். ஐயா ஏன் வீட்டுக்கு வர இவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்பது எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. 2009 பங்குனியில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் கரையில் அப்பம்மா இறந்தார். காயம் ஒன்றும் இல்லை. வயது, வயிற்றோட்டம், தண்ணீர் இல்லை. தறப்பாளுக்குள் இரவு போனவரை, விடியமுன் பங்கருக்குப் பக்கத்து மணலில் ஐயாவும் இன்னும் இரண்டு பேரும் தாட்டார்கள். தேவாரம் பாட நேரமில்லை. வாய்க்கு அரிசி போட அரிசி இல்லை. செல் அடிக்கிற இடைவெளிக்குள் செய்ததுதான் கிரியை. அந்த இடத்தைப் பிறகு அவரால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மெனிக் பாம் முகாமில் இருந்த காலம் முழுவதும் இதை ஒரு தரம்கூட வாய்விட்டுச் சொல்லாதவர், துண்டு வெட்டிக்கொண்டு வந்த அன்று அம்மாவிடம் சொன்னார். "என்ர அம்மாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்கப் போகுது. அதைக் கெடுத்துப் போடாத."

சரி என்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாமரத்துக்குக் கீழே கட்டிலைப் போட இடம் கூட்டியது அம்மாதான். மீளக் குடியேறிய வருஷம் ஐயா நட்ட கறுத்தக்கொழும்பான் அது.

அப்போதுதான் தம்பி கனடாவில் இருந்து வேறொரு கதையைத் தொடங்கினான். அங்கே 2016 ஆனியில் இருந்து, மருத்துவ உதவியோடு சாவதற்குச் சட்டம் இருக்கிறது. நோயாளி தானே கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். டொக்டர்களோ தகுதியுள்ள மூத்த தாதியரோ, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவனோடு வேலை செய்கிறவரின் தாய் அப்படித்தான் போனாராம், ஒரு பின்னேரம், பிள்ளைகள் சுற்றி நிற்க. இலங்கையில் அது இல்லை. ஒருவர் உயிரை மாய்க்க உதவுவது இங்கே தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். ஆனால் ஒரு சிகிச்சையை வேண்டாம் என்று நோயாளி சொல்வது அதுவல்ல. எங்கள் சொந்தக்காரர் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "சாக விட்டிட்டினம்" என்று கதைத்தார்கள்.

ஐயா தம்பியின் கதையை முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. "அவையவையின்ர நோ அவையவைக்குத்தான் தெரியும். அந்தத் தாயைக் குறை சொல்ல நாங்கள் ஆர்? எனக்கு நாள் குறிக்கத் தேவையில்லையடா. நோ இல்லாமல் இந்த வளவுக்க கிடந்து, உங்களோட கதைச்சுக்கொண்டு போனாப் போதும்."

இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம், தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைப்பதை ஏற்றுக்கொண்டது என்ற செய்தியையும் தம்பி அனுப்பினான். அதைப் பார்த்துவிட்டு ஐயா என் மகளின் கொப்பியில் ஒரு பக்கம் எழுதினார். குழாய் வேண்டாம். மெஷின் வேண்டாம். மூச்சு வாங்கினால் அம்புலன்சுக்கு அடிக்க வேண்டாம். செத்தவீட்டுக் கிரியையில் பொற்சுண்ணம் இடிக்க வேண்டும். அந்தத் தாள் சட்டத்துக்காக எழுதியதல்ல. நடுச்சாமத்தில் நாங்கள் பயந்து தடுமாறக்கூடாது என்பதற்காக எழுதியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐயா வீட்டுக்கு வந்த அன்றே அம்மா வயல் மருந்துகளை எல்லாம் ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஏன் அப்படிச் செய்வார்கள் என்று விளக்கத் தேவையில்லை. நோவைத் தாங்க முடியாமல், கேட்க ஆளில்லாமல், அந்தப் பக்கம் போனவர்களை எங்கள் ஒழுங்கையிலேயே தெரியும். நாலு நாள் கழித்து ஐயா சாவியைக் கண்டார். "அதைக் கழட்டி வையப்பா, கழுத்தில உரசப் போகுது. நான் அதுக்கு வரேல்லை" என்றார். அம்மா கழற்றவில்லை. ஐயாவும் பிறகு கேட்கவில்லை.

அவரை அந்தப் பக்கம் யோசிக்காமல் வைத்திருந்ததில் மோர்ஃபின் என்ற நோ மருந்துப் பாணிக்குப் பெரிய பங்கு உண்டு. இது ஊர்ப் பார்மசியில் கிடைக்கிற சாமான் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், கொப்பியைக் காட்டி எடுக்க வேண்டும். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நோ வரமுன்னமே கொடுக்க வேண்டும். நோ வந்த பிறகு கொடுத்தால் அதைத் துரத்திப் பிடிப்பதே வேலையாகிவிடும். மலம் இறுகும், அதற்கும் சேர்த்து மருந்து வேண்டும். முதல் இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருந்தார், பிறகு தெளிந்துவிட்டார். "மோர்ஃபினோ, அப்ப கடைசிதான்" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். போதைக்கு அடிமையாகிவிடுவார் என்றும் சொன்னார்கள். சரியான அளவில், நோவுக்கு ஏற்றபடி கொடுத்தால் அது ஆளைக் கொல்லாது. ஐயா அந்த மருந்தோடு ஏழு கிழமை இருந்தார். பேத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், வாய்க்கால் தண்ணீர் முறைக்குச் சண்டை பிடிக்க மருமகனை அனுப்பினார். அந்தப் போத்தல் முடிகிற கிழமைகளில் எனக்கு நித்திரை வராது. பஸ் ஓடாவிட்டால்? வான்காரன் வராவிட்டால்? ஒரு மருந்துக்காக இவ்வளவு தூரம் ஓட வேண்டிய ஊரில், எப்படிச் சாக விருப்பம் என்று கேட்பதே அநியாயம். ஒவ்வொரு கிராமத்து ஆஸ்பத்திரியிலும் அது இருக்க வேண்டும். இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓய்வுபெற்ற தாதி மிஸ் ஒருவர், ஒரு சதமும் வாங்காமல், பின்னேரங்களில் வந்து போனார். ஐயா குடிப்பதையும் நிற்பாட்டியபோது, பசியால் சாகவில்லை, சாகப் போவதால்தான் பசிக்கவில்லை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தியது அவர்தான். கரண்டியால் பருக்கினால் புரையேறிச் சிரமப்படுவார், பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டைத் துடையுங்கோ என்றார். அன்றிலிருந்து அது அம்மாவின் வேலை. பஞ்சை இளநீரில் நனைத்தார்.

கடைசி இரவு தொண்டைக்குள் கறகறவென்று சத்தம் வந்தது. எனக்குப் பயம் பிடித்து போனைக் கையில் எடுத்துவிட்டேன். என் கணவர் கொப்பித் தாளை எடுத்து நீட்டினார். போனை வைத்துவிட்டு, மிஸ் சொல்லித் தந்தபடி ஐயாவை ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தினோம். சத்தம் குறைந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் இடைவெளி கூடிக்கொண்டு போனது. அம்மா தேவாரம் பாடினார், நடுவில் வரி மறந்து திரும்பத் தொடங்கினார். விடியற்காலை நாலரைக்கு அடுத்த மூச்சு வரவில்லை.

பொற்சுண்ணம் இடித்தோம். வாய்க்கு அரிசி போட ஊரே வந்தது.

அந்தியேட்டி முடிந்த கிழமை, மிச்ச மோர்ஃபினை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்கப் போனேன். போத்தலில் கால்வாசி இருந்தது. மருந்து கொடுக்கிற பிள்ளை அளந்து கொப்பியில் எழுதினார். எழுதிக்கொண்டே, நிமிராமல், "கடைசியில நோ இருந்ததோ அக்கா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.