அம்மாவின் சேலையும் எழுபது கிராம் கம்பளியும்

பினாங்கின் ஜெலுத்தோங்கில் வீட்டின் முன்னறையிலேயே தையல் இயந்திரத்தைப் போட்டு, 31 ஆண்டுகளாகச் சேலைக்கு ரவிக்கை தைத்து வருகிறேன். துணியைப் பற்றி எனக்குத் தெரியாதது அதிகம் இல்லை என்றுதான் சென்ற ஆண்டு வரை நினைத்திருந்தேன். என் தங்கை மகளுக்கு மெல்பர்னில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, அங்கே குளிர் கடுமையாக இருக்கும் ஜூலை மாதத்தில் அவள் புறப்பட வேண்டியிருந்தது. காலஞ்சென்ற எங்கள் அம்மாவின் பட்டுச் சேலை ஒன்றில் கம்பளி இழையை ஏற்றி, அவளுக்கு ஒரு சால்வை செய்து கொடுப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று.

நான் செய்ய நினைத்தது ஃபெல்ட் வகையைச் சேர்ந்த துணி. ஃபெல்டில் பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. கம்பளி இழையை நூற்காமல், நெய்யாமல், சவர்க்காரத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தும் உருட்டியும் இழைகளை ஒன்றோடொன்று சிக்க வைத்தால் அதுவே துணியாகிவிடும். காஷ்மீரத்து நம்தா விரிப்பும் இப்படிச் செய்யப்படுவதுதான். மெல்லிய பட்டின் மேல் கம்பளியைப் பரப்பி, இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் முறையை நூனோ என்கிறார்கள். ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் துணி என்று பொருள் என்றாலும், இந்த முறையை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாலி ஸ்டர்லிங் என்ற கைவினைக் கலைஞர். எங்கள் பெண் போகிற நாட்டில் பிறந்த கைவேலை என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு பிடிப்பும் வந்துவிட்டது.

முதல் சறுக்கல் கம்பளி வாங்கியதிலேயே நேர்ந்தது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், சீவித் திரியாகச் சுற்றிய மெரினோ ஆட்டுக் கம்பளி என்று கண்டிருந்ததை நம்பி 200 கிராம் வாங்கினேன். பாலாடை நிறத்தில், கையில் எடுத்தால் இருப்பதே தெரியாத அளவுக்கு மென்மையாக இருந்தது. ஒரு சிறு துண்டு செய்து பார்க்கலாம் என்று இரண்டு மணி நேரம் தேய்த்தேன். சவர்க்கார நுரைதான் பெருகியதே தவிர, இழைகள் நனைந்த பஞ்சைப் போலத் தனித்தனியாகவே கிடந்தன. செயற்கை இழையைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு, தையல்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல ஒரு நுனியைக் கொளுத்திப் பார்த்தேன். முடி கருகும் வாடை வந்தது. சாம்பலும் விரலில் பொடியாக உதிர்ந்தது. கம்பளிதான், ஐயமில்லை. பிறகு பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தபோதுதான் சூப்பர்வாஷ் என்ற சொல் கண்ணில் பட்டது.

கம்பளி இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஓடுகள் தெரியும். வெந்நீரும் காரமான சவர்க்காரமும் பட்டால் அந்தச் செதில்கள் சற்றே விரிகின்றன. தேய்க்கும்போது செதில்கள் ஒரு பக்கமாகவே சாய்ந்திருப்பதால் இழை தன் வேர்ப்பக்கம் நோக்கி மட்டுமே நகருமே தவிர, திரும்பி வராது. இப்படி முன்னேறி முன்னேறி இழைகள் அவிழ்க்க முடியாத சிக்காகிவிடுகின்றன. சூப்பர்வாஷ் கம்பளியிலோ, துவைக்கும் இயந்திரத்தில் போட்டாலும் சுருங்கக்கூடாது என்பதற்காக, குளோரினால் செதிலை மழுக்கி அதன்மேல் பிசின் பூச்சும் பூசிவிடுகிறார்கள். பின்னலுக்கு அது நல்ல சரக்கு. என் வேலைக்கு உதவாது. அடுத்த முறை கேட்டு விசாரித்து, எந்தப் பூச்சும் இல்லாத, இழைப் பருமன் 19 மைக்ரான் உள்ள கருநீல மெரினோவை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்தேன்.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. அம்மாவின் சேலைகளில் மிகச் சிறந்ததைத்தான் பேத்திக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில், அவருடைய அரக்குநிறக் காஞ்சிபுரத்தை எடுத்தேன். நல்ல வேளையாக முந்தானையைத் தொடாமல், உள்கட்டில் ஏற்கெனவே நைந்திருந்த இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை மட்டும் வெட்டிக்கொண்டேன். கம்பளி அழகாகச் சிக்கியது. ஆனால் அலசி எடுத்தபோது, ஆறிய பாலின் ஏடு கழன்று வருவதுபோல முழுப்படலமாகப் பட்டிலிருந்து உரிந்து என் கையோடு வந்துவிட்டது. கீழே காஞ்சிபுரம் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல விறைப்பாகக் கிடந்தது.

பட்டு இழை வழவழப்பானது. அதில் செதில் இல்லை. எனவே பட்டு தானாக எதையும் பிடிக்காது, கம்பளிதான் அதன் இடைவெளிக்குள் புகுந்து மறுபக்கம் வந்து பிடிக்க வேண்டும். முறுக்கிய இழையில் நெருக்கமாக நெய்த காஞ்சிபுரத்தில் நுழைய வழியே இல்லை. துணியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதுதான் இதற்கான எளிய சோதனை: மூச்சு தடையின்றி அந்தப் பக்கம் போனால் கம்பளியும் போகும். அன்று மாலை அம்மாவின் அலமாரியைத் திறந்துவைத்து ஒவ்வொரு சேலையாக ஊதிக்கொண்டிருந்தேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமலே போய்விட்டார்.

மூச்சு தாராளமாகப் போனது ஒரே ஒரு சேலையில். சாம்பல் கலந்த நீலத்தில், கரையே இல்லாத பட்டு ஜார்ஜெட். கடைத்தெருவில் எப்போதோ தள்ளுபடியில் வாங்கியதாக அம்மா சொல்லி, பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு மட்டும் கட்டிக்கொண்டு போவார். அதை ஒரு பொருட்டாக நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

மூன்றாவதாக என்னை ஏமாற்றியது எங்கள் வீட்டுக் குழாய். நூனோ முறையில் தொடக்கத்தில் குளிர்ந்த தண்ணீர்தான் தெளிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் சூடு பட்டால் கம்பளி பட்டுக்குள் நுழைவதற்கு முன்பே தனக்குள் சிக்கி இறுகிவிடும். நான் தண்ணீரைக் காய்ச்சவில்லைதான். ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு, கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைக் குளிர்ந்த தண்ணீர் என்று பினாங்கில் யார் சொல்வார்கள்? ஜார்ஜெட் துண்டில் செய்த முதல் மாதிரி அப்படித்தான் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் வீணானது. அதன்பிறகு முதல் நாள் இரவே தண்ணீரைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளப் பழகினேன்.

மாதிரித் துண்டு செய்யாமல் பெரிய வேலையில் இறங்கவே கூடாது. நாலு கிராம் கம்பளி வைத்துச் செய்த 30 சென்டிமீட்டர் சதுரம் கடைசியில் 20 சென்டிமீட்டராகச் சுருங்கியது. அப்படியென்றால் முடிவில் 45க்கு 175 சென்டிமீட்டர் சால்வை வேண்டுமானால், தொடக்கத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது ஏறத்தாழ 68க்கு 262 வெட்ட வேண்டும். ஆயுள் முழுவதும் துணி சுருங்கிவிடக்கூடாதே என்று முன்கூட்டியே நனைத்துக் காயவைத்துத் தைத்த எனக்கு, சுருங்குவதையே கணக்கில் வைத்து வெட்டுவது கை நடுங்கும் காரியமாக இருந்தது. கத்தரிக்கோலை வைத்த பிறகும் இரண்டு முறை அளந்தேன்.

பெரிய வேலைக்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினேன். கூடத்துத் தரையில் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் ஜார்ஜெட்டைச் சுருக்கமில்லாமல் பரப்பினேன். கம்பளித் திரியின் நுனியை ஒரு கையால் பிடித்து மறு கையால் மெல்ல இழுத்தால், விரல் நீளத்துக்குப் புகைபோல ஒரு கீற்று வரும். அதை முந்தையதன் நுனி சற்றே மூடும்படி வைத்துக்கொண்டே போக வேண்டும். முதல் வரிசை நீளவாக்கில், அதன்மேல் இரண்டாவது குறுக்குவாக்கில். கீழே பட்டின் நிறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கனமாகிவிட்டது என்று பொருள். மொத்தம் எழுபது கிராம் கம்பளிதான், ஆனால் பரப்பி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் மின்விசிறியைப் போடக்கூடாது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டிக் கம்பளியில் விழாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்தேன். முக்கால்வாசி முடிந்தபோது, வெளியிலிருந்து வந்த கணவர் பழக்கதோஷத்தில் விசிறியைத் தட்டிவிட்டார். ஒரு முழம் அகலத்துக்குக் கம்பளி எழுந்து, சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் வரை போயிற்று. அப்போது நான் சொன்னவை எழுதத் தக்கவை அல்ல.

கம்பளிக்கு மேலே அலங்காரமாக மல்பெரிப் பட்டு இழைகளை மின்னல் கோடுகளாக வைத்தேன். மேலே போடும் பட்டு இழையும் தானாகப் பிடிக்காது என்பதால், அதன்மேல் பனித்திரை அளவுக்கு மட்டும் கம்பளியைத் தூவ வேண்டும். கொஞ்சம் கூடினாலும் பட்டின் பளபளப்பு மங்கிவிடும். காஞ்சிபுரத்தை முழுவதும் விட்டுவிட மனம் வராததால், வெட்டிய துண்டில் இருந்த இரண்டு சரிகை மாங்காய்களைக் கத்தரித்து, ஓரங்களை மட்டும் கம்பளி மூடும்படி முனைகளில் ஒன்றொன்றாகப் பதித்தேன். கட்டைவிரல் அளவே உள்ள துண்டு என்றால் நெருக்கமான நெசவாக இருந்தாலும் சுற்றியுள்ள கம்பளி அதைச் சட்டம்போலப் பிடித்துக்கொள்ளும்.

பழைய கொசுவலைத் துணியை மேலே போர்த்தி, ஆலிவ் எண்ணெய்ச் சவர்க்காரம் கரைத்த குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, உள்ளங்கையால் அழுத்தி நனைத்தேன். பிறகு அனைத்தையும் பிவிசி குழாயில் சுற்றிக் கட்டி, சப்பாத்திக் கட்டையை உருட்டுவதுபோல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். ஒரு முனையிலிருந்து இருநூறு முறை, பிரித்து நீவி மறு முனையிலிருந்து இருநூறு முறை. மின்னல் எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு தொடங்கி முடியும் நேரத்துக்கு ஏறக்குறைய இருநூறு உருட்டல் என்பதைக் கண்டுகொண்ட பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். விளம்பர நேரம்தான் முதுகுக்கு ஓய்வு. எட்டாவது பாட்டுக்குப் பிறகு துணியைத் திருப்பிப் பார்த்தேன். கருநீலப் பூனைமயிர்போல, பட்டின் பின்புறம் முழுவதும் நுண்ணிய இழை முளைத்திருந்தது. கம்பளி உள்ளே நுழைந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது! அந்த இடத்தில் விரலால் கிள்ளி இழுத்தால் பட்டும் கம்பளியும் சேர்ந்தே எழ வேண்டும். கம்பளி மட்டும் எழுந்தால் இன்னும் உருட்ட வேண்டும்.

அதன்பிறகுதான் வெந்நீர். வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, உருண்டையாகச் சுருட்டி, சமையலறைச் சிங்க்கில் ஓங்கி எறிய வேண்டும். முதல் இருபது எறிதலில் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று, கண் முன்னாலேயே, துணி நெளிந்து சுருங்கத் தொடங்கும். கம்பளி சுருங்கும், பட்டு சுருங்க முடியாமல், வயதான கையின் தோல்போல மடிப்பு மடிப்பாக எழும்பும். அந்த மடிப்புதான் நூனோவின் அழகு. எங்கே நிறுத்துவது என்பதில்தான் தவறு நேரும். நீளம் சரியாக வந்தும் அகலம் மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக இருந்ததால், அகலவாக்கில் சுருட்டி மேலும் அறுபது முறை உருட்டினேன். உருட்டும் திசையில்தான் அது அதிகம் சுருங்கும்.

சவர்க்காரம் போகும்வரை அலசி, கடைசித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு ஊறவைத்தேன். காரம் தங்கிவிட்டால் நாளடைவில் கம்பளியும் பட்டும் கெட்டுவிடும். உலர்த்துவதற்கு இரண்டு நாள் ஆனது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தைக்கூட ஈரமே தெரியாமல் வைத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றிலும் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கையில் உலர்ந்ததுபோல இருந்த அன்று மடித்து வைத்திருந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கும். அத்துடன், நம் வீட்டுச் சுவர்களில் சாம்பல்நிறக் கூட்டைச் சுமந்துகொண்டு ஊருமே ஒரு புழு, அதற்கும் கம்பளி உணவுதான். ஆகவே நன்றாக உலர்ந்த சால்வையைக் காற்றுப்புகாத பையில் போட்டு, உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தேன். மீன் வைத்திருந்த தட்டை அதற்காகக் காலி செய்ய வேண்டியிருந்தது.

புறப்படுவதற்கு முந்தின இரவு தங்கை மகள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, முனையிலிருந்த மாங்காயைத் தடவிப் பார்த்தாள். சரிகை நெளிந்து, புழுங்கிய மாங்காய்போலத்தான் இருந்தது. "பெரியம்மா, இது பாட்டியோட கல்யாணச் சேலையா?" என்றாள். மாங்காய் மட்டும் கல்யாணச் சேலை, மற்றதெல்லாம் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குக் கட்டியது என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அங்கிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தாள். மழையில் நனைந்துவிட்டதாம், ஆட்டு வாடை வருகிறதாம், இயந்திரத்தில் போட்டுத் துவைக்கலாமா என்று கேட்டிருந்தாள். உடனே அழைத்துப் பேசினேன்.