வாண்டேஜ் ஊரின் ஆல்ஃபிரட் சிலை

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வாண்டேஜ் என்று ஒரு சின்ன ஊர். 849-இல் ஆங்கிலோ-சாக்சன் மன்னர் மகா ஆல்ஃபிரட் பிறந்த ஊர் அதுதான் என்பதால் சந்தைச் சதுக்கத்தின் நடுவே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஒரு கையில் போர்க்கோடரி, இன்னொரு கையில் ஏட்டுச் சுருள். எனக்கு ரொம்பப் பிடித்ததே அந்தச் சுருள்தான், ஏனென்றால் படையெடுத்து வந்த டேனியர்களோடு (வைக்கிங்குகள்) வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய மனிதர், நடுவில் லத்தீன் நூல்களைத் தன் மக்களின் மொழிக்குக் கொண்டுவரவும் மெனக்கெட்டிருக்கிறார்.

சிலையைச் செய்தவர் கவுண்ட் கிளைஷன். விக்டோரியா ராணியின் அக்கா (தாய் ஒன்று, தந்தை வேறு) மகன், கடற்படையில் இருந்துவிட்டு அப்புறம் சிற்பியானவர். பணம் கொடுத்தவர் ராபர்ட் லாய்ட்-லின்ட்சே, கிரிமியப் போரில் பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை வாங்கியவர். 1877 ஜூலை 14 அன்று வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் வந்து திறந்துவைத்தார்கள்.

பீடத்தில் உள்ள வாசகத்தில் முதலில் வருவது போர் இல்லை, கல்வி. 'கல்வி செத்துக் கிடந்தது, அவர் அதை மீட்டார்' என்றுதான் தொடங்குகிறது. சட்டம், திருச்சபை எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் எதிரியிடமிருந்து நாட்டை மீட்டது வருகிறது. சரியான வரிசை!

இப்படிப்பட்ட சிலையை 2007 டிசம்பர் 31 இரவில் யாரோ சேதப்படுத்தி, வலது கையின் ஒரு பகுதியும் கோடரியும் போய்விட்டன. சரிசெய்து வைத்தார்கள். 2008 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மறுபடியும் கோடரி போச்சு. படிக்கும்போதே வயிறு எரிகிறது.