அவுட்போட் எஞ்சின்: எந்தச் சாமானை எப்போது மாற்றுவது?

முல்லைத்தீவுக் கரையில் வள்ளத்தின் பின்னால் பூட்டும் எஞ்சினின் பழைய சாமானுக்குப் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: "ஓடுதுதானே, ஓடட்டும்." பிஸ்டன், கியர் போன்ற விலை கூடின சாமான்களுக்கு அது சரி. றபர் சாமான்களுக்கும் அதையே சொன்னால் கடைசியில் பிஸ்டனுக்குத்தான் காசு எண்ண வேண்டி வரும். சாமானின் விலையை விடுங்கள். அது நடுக்கடலில் போனால் கூடவே எதைக் கொண்டுபோகும் என்று பாருங்கள். ஸ்ரார்ட் கயிறு அறுந்தால் வேறொரு கயிற்றைச் சுற்றி இழுத்துக் கரைக்கு வந்துவிடலாம். இம்பெல்லர், அதாவது எஞ்சினைக் குளிராக்கும் தண்ணீர்ப் பம்புக்குள் சுற்றும் றபர் இதழ்ச் சில்லு, போனதைக் கவனிக்காமல் ஓடினால் எஞ்சினே இறுகிவிடும்.

ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு கணக்கு வைக்க வேணும்: ஓடின மணித்தியாலம், கடந்துபோன மாதம். சின்ன விமானங்களிலும் இப்படித்தான். லைகோமிங் ஓ-320 எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க அந்தக் கொம்பனி சொல்லும் எல்லை பொதுவாக 2000 மணித்தியாலம் அல்லது 12 வருடம், எது முந்துதோ அது. வாடைக்காலத்தில் கரையேற்றி மூடிவைத்த எஞ்சின் ஓடவில்லை என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் இருக்கும் றபருக்கு வயது போய்க்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் எஞ்சின்களில் மணித்தியாலம் காட்டும் மீற்றர் கிடையாது. 24 லீற்றர் ராங்க் ஒன்று வழமையான ஓட்டத்தில் எவ்வளவு நேரம் தாங்குது என்று ஒருக்கால் பார்த்து வைத்தால், பிறகு ராங்கை எண்ணிக் கொப்பியில் எழுதினாலே காணும்.

இம்பெல்லருக்கு இரண்டு கணக்கும் சேர்ந்தே ஓடும். திறந்த கரையில் அலைக்குள் வள்ளத்தைத் தள்ளி, முழங்கால் தண்ணீரிலேயே எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணும்போது கலங்கிய மணல் நேரே பம்புக்குள் போகிறது. அது இதழ்களின் நுனியைத் தேய்க்கும். மூன்று மாதம் சும்மா கிடந்தாலோ, இதழ்கள் வளைந்தபடியே விறைத்துப்போகும். ஆகவே வருடத்துக்கு ஒருக்கால், வாடை முடிந்து தொழில் தொடங்க முதல் மாற்றுவதுதான் புத்தி. இடையில் சைகைத் தண்ணீர் (பம்பு வேலை செய்யுது என்று காட்ட எஞ்சினின் சின்னத் துளையால் பீச்சும் தண்ணீர்) மெலிந்தால் உடனே பம்பில் பழி போட வேண்டாம். அந்தத் துளையில் உப்புக் கட்டியிருக்கும், மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். பிறகு தேர்மோஸ்ராற், அதாவது சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் வால்வு. அதற்குப் பிறகுதான் கீழ்ப்பகுதியைக் கழற்றுவது.

கழற்றியதும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று உடைந்திருந்தால் அந்தத் துண்டு மேலே தண்ணீர்ப் பாதையில் எங்கோ அடைத்துக்கொண்டு இருக்கிறது, அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பிரயோசனமில்லை. இம்பெல்லர் உரசும் தகட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டினால் தகட்டையும் மாற்ற வேணும். பூட்டும்போது சவர்க்காரத் தண்ணீர் பூசி, மேலிருந்து பார்க்க மணிக்கூட்டுமுள் சுற்றும் பக்கமாக, இம்பெல்லரைச் சுழற்றும் நெடுந்தண்டைத் திருப்பியபடியே மூடியை இறக்குங்கள். தண்டின் பற்களில் கிறீஸ் பூசலாம். தலைப்பில் பூசக் கூடாது, பூசினால் கிறீஸ் அமுங்கி நின்று தண்டு முழுதாக உள்ளே போகாது. கடையில் வாங்கும்போதே ஓர் இதழை வளைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் அது தட்டில் கிடந்து கிழண்டின சாமான்.

அடுத்தது ராங்கிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாயும், அதன் இடையில் கையால் அமத்தும் றபர்க் கைப்பம்பும். மண்ணெண்ணெயோ பெற்றோலோ, இரண்டு ஸ்ரோக் எஞ்சினுக்கு மசகு எண்ணெய் எரிபொருளோடுதான் போகிறது. குழாயில் வெடிப்பு இருந்தால் எஞ்சின் இழுக்கும்போது வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். நாற்றமும் இல்லை, ஈரமும் இல்லை. சிலிண்டருக்குப் போகும் மசகு எண்ணெய் மட்டும் குறைந்து பிஸ்டன் கீறுப்படும். குழாயை முறுக்கி மடித்துப் பாருங்கள், மேல்தோல் வெடித்தால் வெட்டி ஒட்டாமல் முழுதாக மாற்றுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரியூப்பும் கட்டுக்கம்பியும் இந்த இடத்துக்கு ஆகாது. ஓடும்போது கைப்பம்பு சப்பையாகிறதென்றால் அடைப்பு ராங்க் பக்கம், முதலில் மூடியின் காற்றுத் திருகைப் பாருங்கள். எஞ்சின் இளைக்கும்போது கைப்பம்பை அமத்தினால் திரும்ப வேகம் எடுக்கிறதென்றால், பிழை காற்றுக் கசிவு அல்லது எஞ்சினின் எரிபொருள் பம்பில் உள்ள டயபிரம் (சவ்வு).

கியர்ப் பெட்டியில் காலக்கணக்கை விட ஒயிலின் நிறம்தான் பேசும். 100 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாற்றினாலும், பால்தேத்தண்ணி மாதிரி வெளுத்து வந்தால், தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. எங்கள் பக்கம் சீலுக்கு எமன் தங்கூசி (நைலோன் நரம்பு) தான். புறொப்பலருக்குப் பின்னால் சுற்றி, உருகி இறுகிச் சீலை வெட்டும். வலை வளைக்கிற ஆட்கள் கிழமைக்கு ஒருக்கால் புறொப்பலரைக் கழற்றிப் பார்க்கத்தான் வேணும். புறொப்பலர் நட் கழராமல் பிடிக்கும் பிளவூசியைத் திரும்பப் பாவிக்காதீர்கள். ஒயில் விடும்போது கீழ்த்துளையால் விட்டு, மேல்துளையால் வழிந்த பிறகு மேல்திருகை முதலில் பூட்டுங்கள். திருகுகளின் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது.

எஞ்சின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்தால் மாற்று, அதற்குப் பெயின்ற் அடிக்காதே. மண்ணெண்ணெயில் ஓடினால் பிளக்கில் கரி சீக்கிரம் படியும், ஒரு சோடி மேலதிகமாக வள்ளத்திலேயே இருக்கட்டும். கரைக்கு வரச் சற்று முதல் பெற்றோலுக்கு மாற்றி ஓடினால் அடுத்த ஸ்ரார்ட்டும் இலகு.

பிஸ்டன், றிங் விசயத்தில் "ஓடட்டும்" என்பவரோடு நானும் ஒத்துப்போவேன், ஆனால் அளந்து பார்த்துவிட்டு. சூடான எஞ்சினில் இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் இரும்போடு தொடுத்து, அக்சிலேற்றரை முழுக்கத் திறந்து, கொம்பிறசன் மீற்றர் (சிலிண்டரின் அமுக்கத்தை அளப்பது) பூட்டி நாலைந்து தரம் இழுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசமில்லை, போன வருட அளவிலிருந்து பெரிதாக இறங்கவும் இல்லை என்றால் சிலிண்டர்த் தலையைத் திறக்காதீர்கள். நல்லா ஓடுகிற எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் சரியாக இறுகாத போல்ற், மடிந்த கஸ்கற் என்று இல்லாத வருத்தமெல்லாம் வரும்.

இதே காரணத்துக்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் கூடாது. பம்பை மாற்றினால் கரையோரமாக அரை மணித்தியாலம் ஓட்டி, சைகைத் தண்ணீரைப் பார்த்த பிறகு குழாயைத் தொடுங்கள். எல்லாம் புதிதாக இருக்கும்போது எஞ்சின் நின்றால் எதில் கை வைப்பதென்று மெக்கானிக்குக்கும் தெரியாது.