‘விபத்து எவ்வாறு நேர்ந்தது?’ என்ற கட்டம்

என்னோடு ஒரே கூடத்தில் வேலை செய்த ஒருவருக்கு, பிரஸ் மெஷினில் வலக்கையின் இரண்டு விரல்கள் நசுங்கி, ஒன்றின் மேற்கணுவை எடுக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள், விபத்து அறிக்கைப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி என்னை அழைத்தார். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர், பணி எண், ஷிப்ட் நேரம் எல்லாம் தடையின்றிப் போயின. ‘விபத்து எவ்வாறு நேர்ந்தது?’ என்ற கட்டம் வந்ததும், சற்றும் யோசிக்காமல், “என் கவனக்குறைவாலன்னு எழுதிடுங்கண்ணே” என்றார்.

நான் எழுதவில்லை. அவர் சொன்னது பொய் என்பதால் அல்ல; தொழிலாளர் இழப்பீடு என்ற ஏற்பாடே அந்த ஒரு சொல்லைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதற்காகப் பிறந்தது என்பதால்.

1830களில் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்ற இளைஞர், தாம் வேலை பார்த்த இறைச்சிக் கடைக்காரரின் வண்டி அதிகப் பாரத்தால் முறிந்ததில் தொடை எலும்பு உடைந்து, முதலாளிமேல் வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் 100 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். நீதிமன்றமோ 1837இல் அதை ரத்து செய்தது. வண்டி பத்திரமானதா என்பது முதலாளிக்குத் தெரிவதைப் போலவே வேலையாளுக்கும் தெரியுமே என்பது ஒரு காரணம். ஐந்து ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், உடன் பணியாளரின் பிழையால் கையை இழந்த ரயில் ஓட்டுநருக்கும் இதே கதிதான். அபாயத்துக்கும் சேர்த்துத்தான் கூலி தரப்படுகிறது என்று நீதிபதி கருதினார். ‘உன் தவறும் இருக்கிறது’, ‘தெரிந்தேதானே சேர்ந்தாய்’, ‘உன் சகாவைக் கேள்’ என்ற இந்த மூன்று பதில்களைக் கடந்து நீதிமன்றத்தில் வென்றவர்கள் சிலரே.

ஜெர்மனி 1884இல் கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம், யார் தவறு என்ற கேள்வியையே ஓரம் கட்டியது. செலவை முதலாளிகளின் சங்கங்கள் ஏற்றன. முழுமையாக உழைக்க இயலாதவருக்குக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. இங்கிலாந்து 1897இல் இதைப் பின்பற்றியது. ஆனால் பாதிக் கூலிதான், அதுவும் வாரத்துக்கு ஒரு பவுண்டுக்கு மேல் இல்லை. நியூயார்க்கில் இத்தகைய சட்டம் ஒன்றை, தவறே செய்யாத முதலாளியின் பணத்தைப் பறிக்கிறது என்று சொல்லி மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று செல்லாததாக்கியது. மறுநாளே அந்நகரின் டிரையாங்கிள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். சட்டம் வேறு வடிவில் திரும்பி வந்தது.

இந்த ஏற்பாட்டில் தொழிலாளிக்கு ஒரு நட்டமும் உண்டு. மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலியில் ஒரு பங்கு, நிரந்தர ஊனத்துக்கு ஈட்டுத்தொகை, இறந்தால் குடும்பத்துக்குத் தொகை என எதையும் வழக்காடாமலே பெறுகிறார். பதிலுக்கு, பெரும்பாலான நாடுகளில், வலிக்கும் வேதனைக்கும் நட்டஈடு கேட்டு முதலாளிமேல் வழக்குப் போடும் உரிமையை முழுவதுமாகவோ பெரும்பகுதியோ இழக்கிறார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கைகூட, மனைவியும் இரு பிள்ளைகளும் உள்ளவருக்குக் கூலியில் 60 சதவீதத்தையே குறைந்தபட்ச அளவாக வைத்தது. பல நாட்டு அட்டவணைகளில் பெருவிரலுக்கு இத்தனை சதவீதம், சுண்டுவிரலுக்கு இத்தனை என்று உடம்பே பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டிருப்பதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். இருந்தும், பத்தாண்டு வழக்கைவிட அந்த அட்டவணையே மேல் என்றுதான் நினைக்கிறேன்.

இதில் மெய்ப்பிக்க வேண்டியது, காயம் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்தது என்பதை மட்டுமே. 1897ஆம் ஆண்டின் அந்தச் சொற்றொடர் இன்று பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. சாதாரணக் கவனக்குறைவு பொதுவாக உரிமையைப் பறிக்காது. குடிபோதையில் இருந்ததும், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதும் பல இடங்களில் பறிக்கும். படிவத்தில் நாமே எழுதிக் கொடுக்கும் ‘கவனக்குறைவு’, நான்கு மேசைகளைத் தாண்டுவதற்குள் ‘விதிமீறல்’ ஆகிவிடக்கூடும் என்பதே என் பயம்.

ஆகவே அவரிடம் வேறு விதமாகக் கேட்டேன்: எந்த மெஷின், எந்த வேலை, யார் சொன்னது, கை உள்ளே போனபோது தடுப்பு எங்கே இருந்தது? “தடுப்பா? அதைப் போன வாரமே கழட்டி வச்சிட்டாங்களே, பெரிய தகடு உள்ள போகாதுன்னு” என்றார், தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்வதைப் போன்ற குரலில். மறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. தினமும் கண்ணில் படுவது சொல்லத் தக்க செய்தியாகவே அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் கட்டத்தில் நேரம், மெஷின் எண், ஒப்படைக்கப்பட்ட வேலை, தடுப்பு இல்லாத நிலை, கை சிக்கிய விதம் ஆகியவற்றை அவர் வாய்ச் சொற்களிலேயே ஐந்து வரிகளில் எழுதினேன். யாரையும் குறை கூறும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. சிகிச்சைச் சீட்டில் ‘வேலை செய்யும்போது’ என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். முதல் நாள் சீட்டில் அது விடுபட்டிருந்தால் பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

இரைச்சலால் வரும் காது மந்தம், நுரையீரலில் படியும் தூசி போன்றவை மெல்ல மெல்ல வருபவை; இன்ன நாள், இன்ன நேரம் என்று இந்தக் கட்டத்தில் அவற்றுக்கு எழுத எதுவுமே இருக்காது. அது தனியே எழுத வேண்டிய கதை.

எல்லாம் முடிந்து இடக்கையால் கையெழுத்துப் போட்டார். படிவம் மறுநாளே திரும்பி வந்தது: பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு இது ஒத்துப்போகவில்லையாம். இடக்கைப் பெருவிரல் ரேகையை வைத்து, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்திட்டு மீண்டும் கொடுத்தோம். அந்த இருவரில் ஒருவர், தடுப்பைக் கழற்றியவர்.