இரண்டு பேர் பொருந்தினார்கள், யாரிடம் எடுப்பது?

என் கணவருக்கு வந்தது ஏஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய். கோலாலம்பூரில் கெமோ முடிந்து நோய் அடங்கியதும், அது திரும்பாமல் இருக்க ஸ்டெம் செல் மாற்று செய்தாக வேண்டும் என்றார்கள். கூடப்பிறந்த ஒருவருக்கு எச்எல்ஏ, அதாவது செல்களின் மேல் இருக்கும் அடையாளம், முழுதாகப் பொருந்துவதற்கு 25 சதவீதம்தான் வாய்ப்பு. எங்களுக்கோ அவருடைய அக்கா, தம்பி இருவருமே பொருந்தினார்கள். கேட்டவர்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர்கள் என்றார்கள், உண்மைதான். ஆனால் இருவரில் யார் என்று முடிவு செய்வதற்குள் வீட்டில் ஒரு கலக்கமே வந்துவிட்டது.

டாக்டர் தேர்ந்தெடுத்தது தம்பியை. அக்காவுக்கு அது தாங்கவில்லை. "இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். என் ரத்தம் ஆகாதா?" என்று கிள்ளானிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். அவரைக் கூட்டிக்கொண்டே அடுத்த சந்திப்புக்குப் போனேன். டாக்டர் பொறுமையாகத் தமிழிலேயே சொன்னார். அக்கா மூன்று பிள்ளை பெற்றவர். கர்ப்பமாக இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்பு அணுக்கள் பிள்ளையின் அணுக்களை அந்நியமாகப் பார்த்துப் பழகியிருக்கும். அப்படிப்பட்ட ஒருவரின் செல்களை ஆணுக்குக் கொடுத்தால், கொடுத்த செல்லே நோயாளியின் உடலைத் தாக்கும் ஜிவிஎச்டி நாள்பட்டதாக வரும் ஆபத்து கூடுகிறது. வயதும் ஒரு காரணம், இளையவரின் செல்லுக்கு முன்னுரிமை. தம்பியின் ரத்த வகை வேறாயிற்றே என்று கேட்டேன். அது தடையில்லை, போகப்போக உங்கள் கணவரின் ரத்த வகையே தம்பியுடையதாக மாறிவிடும் என்றார். அக்கா கொஞ்சம் அமைதியானார்.

அப்புறம்தான் நான் குறித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். கேஐஆர் என்று ஒரு மரபணு இருக்கிறதாம், கொடையாளருக்கு அது எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து நோய் திரும்புவது குறையலாமாம் என்று படித்திருந்தேன். அதை ஏன் பார்க்கவில்லை?

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நம் ரத்தத்தில் என்கே என்ற ஒரு வகை வெள்ளணு இருக்கிறது. ரோட் புளாக்கில் நிற்கும் போலீஸ்காரர் ஐசி கேட்பதுபோல, அது எதிரில் வரும் ஒவ்வொரு செல்லிலும் எச்எல்ஏ அடையாளத்தைத் தேடும். அடையாளம் சரியாக இருந்தால் விட்டுவிடும், இல்லாவிட்டால் கொல்லும். அப்படித் தடவிப் பார்க்க என்கே செல்லின் மேல் இருக்கும் கைகள் போன்றவை ஏற்பிகள். அவற்றில் முக்கியமானவைதான் கேஐஆர். சில ஏற்பிகள் தாக்காதே என்று அடக்கும், சில தாக்கு என்று தூண்டும். அடக்குபவை மிகுந்த தொகுப்பை ஏ என்றும், தூண்டுபவை கூடுதலாக உள்ளதை பி என்றும் பிரிக்கிறார்கள். சீனர், ஜப்பானியரிடம் ஏ அதிகம், இந்திய வம்சாவளியினரிடம் பி நிறைய உண்டு.

எச்எல்ஏ மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன, கேஐஆர் 19-இல். இரண்டும் தனித்தனியாகப் பிள்ளைகளுக்கு இறங்குகின்றன. அதனால் எச்எல்ஏ அச்சாக ஒத்துப்போகும் அக்காவும் தம்பியும்கூட கேஐஆரில் வேறு வேறாக இருக்கலாம். ஒரே மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இருவர் அப்படி இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

2002-இல் இத்தாலியின் பெருஜியா நகர ஆய்வாளர்கள் பாதி மட்டும் பொருந்திய கொடையாளர்களிடம் இதைக் கண்டார்கள். நோயாளியிடம் இல்லாத அடையாளத்தைத் தேடும் என்கே செல்கள் கொடையாளரிடம் இருந்தால், ஏஎம்எல் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. 2009-இல் அமெரிக்க ஆய்வொன்று, உறவில்லாத கொடையாளரிடம் பி வகை இருந்தால் ஏஎம்எல் நோயாளிகளுக்கு நல்லது என்றது. ஏஎல்எல் என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு அந்தப் பலன் இல்லை என்று 2010-இல் வந்த அடுத்த ஆய்வு சொன்னது. பிறகு ஐரோப்பாவில் பெரிய பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எங்கள் விஷயத்தில் அக்கா, தம்பி, கணவர் மூவருக்கும் எச்எல்ஏ ஒன்றே என்பதால், பெருஜியாவில் கண்ட மாதிரியான பொருத்தமின்மைக்கே இடமில்லை. "வயதையும் ஜிவிஎச்டி ஆபத்தையும் தள்ளிவைத்துவிட்டு, இன்னும் உறுதியாகாத ஒன்றுக்காக அக்காவைத் தேர்ந்தெடுக்க என் மனசு ஒப்பாதும்மா," என்றார் டாக்டர். அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி. கேள்வி கேட்டதும் சரி, அந்தச் சோதனைக்குப் போகாததும் சரி.

தம்பிக்குச் சில நாள் ஊசி போட்டார்கள். இடுப்பும் முதுகும் வலித்தன என்றான், பனடோலில் சமாளித்தான். செல் எடுக்கும் அன்று சில மணி நேரம் மெஷினில் படுத்திருந்தான், அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் என் கணவருக்குத்தான். வாய் முழுக்கப் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. ரத்த எண்ணிக்கை அடியில் கிடந்தபோது காய்ச்சல் வேறு. பிறகு அணுக்கள் மெல்ல ஏறத் தொடங்கின. முதலில் எழுந்து வருபவற்றில் இந்த என்கே செல்களும் உண்டு, டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் தேற மாதக்கணக்காகும் என்று நர்ஸ் சொன்னபோது, தம்பியின் என்கே எந்த வகையாக இருந்தாலும் நன்றாக வேலை செய்யட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் ஈப்போ உறவினர் ஒருவர் ஆசையாகத் தம்புன் பொமேலோ வாங்கி வந்தார். மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் அந்தப் பழத்தைத் தொடக் கூடாது, மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். இதை முன்பே சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

இந்த இடத்தில் நிற்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் பொருந்திவிட்டார் என்று தெரிந்தாலும், மற்ற உடன்பிறப்புகளையும் சோதிக்கலாமா என்று கேளுங்கள். ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று காரணம் கேளுங்கள், கொடுக்க முடியாமல் போனவரையும் அந்த அறைக்குக் கூட்டிப் போங்கள். கேஐஆர் பற்றிய கேள்விக்கு அதிக இடம், பாதிப் பொருத்தம் உள்ள உறவினர் பலரோ கொடையாளர் பதிவேட்டில் பொருந்தியவர் பலரோ இருக்கும்போதுதான். மலேசியாவின் ஸ்டெம் செல் பதிவேட்டில் நம்மவர்கள் போதுமான அளவில் இருந்தால்தான் அப்படிப் பலர் கிடைப்பார்கள். இங்கே கிடைக்காவிட்டால் சென்னையிலுள்ள தாத்ரி போன்ற இந்தியப் பதிவேடுகளிலும் தேடச் சொல்லுங்கள், நம் வம்சாவளிக்குப் பொருந்துபவர் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.