பிழை நேர்ந்த வரி எது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம் ஒன்றின் இருப்புக் கணக்கு, பல ஆண்டுகளாக மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் நடந்துவந்தது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதன் விபிஏ (ஆக்சஸுக்குள் எழுதும் நிரல்மொழி) நிரலில் சில ப்ரொசீஜர்களில் (பெயரிட்ட நிரல் பகுதிகளில்) மட்டுமே பிழையைக் கையாளும் பகுதி இருந்தது. வேறு சிலவற்றில் 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற ஒற்றை வரி, நேர்ந்த பிழையை யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. இந்த இரண்டாம் வகையே ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. நின்றுபோகும் நிரலை அன்றே சரிசெய்துவிடலாம். பிழையைத் தாண்டி ஓடித் தவறான இருப்பை எழுதிவைக்கும் நிரலோ, கிடங்கில் சரக்கை எண்ணிப் பார்க்கும் நாளில்தான் அகப்படும்.

கிளைகளில் இருந்தது ஆக்சஸின் ரன்டைம் பதிப்பு; அதில் நிரலை ஓட்ட மட்டுமே முடியும், திருத்த முடியாது. கையாளப்படாத பிழை ஒன்று வந்தால், அது ஒரு செய்தியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். "தம்பி, ஏதோ ஒரு பெட்டி வந்துச்சு, ஓகே அழுத்தினேன், எல்லாம் போயிடுச்சு" என்று கணக்குப் பிரிவு அக்கா தொலைபேசியில் சொன்னால், அதற்குமேல் அவரிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை. எந்த ப்ரொசீஜர், எந்த வரி, என்ன எண் என்பதை நிரல்தான் எழுதிவைக்க வேண்டும்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொசீஜரின் பெயரைத் தரும் வசதி விபிஏவில் இல்லை. வரி எண்ணைத் தரும் 'எர்ல்' கூட, வரிகளுக்கு நாமே எண் இட்டிருந்தால்தான் பயன்படும். இவற்றைக் கையால் எழுதினால், நகலெடுத்து ஒட்டும்போது பழைய பெயர் அப்படியே தங்கிவிடும். தவறான இடத்தைக் காட்டும் பதிவேடு, பதிவேடு இல்லாததைவிட மோசம். எம்இசட் டூல்ஸ் போன்ற கருவிகள் இதற்கு உண்டு. எங்களுக்கு வேண்டிய வடிவம் தனி என்பதால், நிரலையே நிரலால் படித்துத் திருத்த உதவும் விபிஏவின் எக்ஸ்டென்சிபிலிட்டி நூலகத்தைக் கொண்டு, மாட்யூல்களை (ப்ரொசீஜர்களின் தொகுப்புகளை) படித்து ஒவ்வொரு ப்ரொசீஜரிலும் பெயரையும் வரி எண்களையும் பிழையைக் கையாளும் பகுதியையும் செருகும் நிரல் ஒன்றை எழுதினேன். செருகும்போது வரிகள் நகர்ந்துவிடும் என்பதால் அது கீழிருந்து மேலாகச் செல்லும். அடிக்கோட்டால் நீளும் வரியின் தொடர்ச்சிக்கும், 'செலக்ட் கேஸ்' என்பதற்கு அடுத்து வரும் முதல் 'கேஸ்' வரிக்கும் எண் இடக்கூடாது. இட்டால் நிரல் கம்பைல் ஆகாது.

பிழையைப் பதிவு செய்யும் ப்ரொசீஜரில் கவனிக்க வேண்டியவை இன்னும் நுட்பமானவை. அதற்குள் ஓர் 'ஆன் எர்ரர்' வரி ஓடியதுமே 'எர்' பொருளில் இருந்த பிழை விவரங்கள் அழிந்துவிடும். ஆகவே பிழை எண்ணையும் விளக்கத்தையும் அழைக்கும்போதே மதிப்புகளாக அனுப்பிவிட வேண்டும். பரிவர்த்தனையின் நடுவில் பிழை நேர்ந்து ரோல்பேக் செய்தால் (அதுவரை எழுதியதைத் திரும்பப் பெற்றால்), அதே வொர்க்ஸ்பேஸ் (தரவுத்தள அமர்வு) வழியாக எழுதிய பதிவும் சேர்ந்தே மறைந்துபோகும். 2022, 2023 ஆண்டுகளில் நாடெங்கும் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது இன்னொன்றும் தெளிவானது: மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், நெட்வொர்க் சுவிட்ச் அணைந்துவிடும், சர்வரில் உள்ள பிழை அட்டவணையை அந்த நேரத்தில் எட்ட முடியாது. ஆகவே முதல் பதிவு எப்போதும் அந்தந்தக் கணினியின் வட்டிலுள்ள உரைக் கோப்பிற்கே செல்லும். அடுத்த முறை மென்பொருள் திறக்கும்போது அது சர்வருக்கு நகலாகும்.

பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் சேர்த்துப் பதிந்ததன் அருமை, பிழை எண் 3346 வந்தபோது விளங்கியது. மதிப்புகளின் எண்ணிக்கையும் புலங்களின் எண்ணிக்கையும் ஒத்துவரவில்லை என்பது அதன் பொருள். ஒரே நிரல், ஒரே வரி, ஆனால் சில கணினிகளில் மட்டும் பிழை. விண்டோஸின் தென்னாப்பிரிக்க வட்டார அமைப்பில் தசமக் குறி காற்புள்ளி. பன்னிரண்டரை ரேண்ட் விலையை, தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்க்யூஎல் வாக்கியத்தில் ஒட்டும்போது அது 12,50 ஆகி, ஒரு மதிப்பு இரண்டாக எண்ணப்பட்டது. தசமக் குறியைப் புள்ளியாக மாற்றிவைத்திருந்த கணினிகளில் இது நிகழவில்லை. எப்போதும் புள்ளியையே இடும் 'எஸ்டிஆர்' செயற்கூறைப் பயன்படுத்தியதும் அது தீர்ந்தது.

செருகும் நிரலால் தீர்மானிக்க முடியாதவையும் உண்டு. பயனர் தாமே ரத்து செய்ததைக் குறிக்கும் 2501 பதிவேட்டில் ஏறத் தேவையில்லை. ஒரே திறவுகோல் (பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) இரு முறை வந்ததைச் சொல்லும் 3022, "இந்தப் பில் எண் ஏற்கெனவே உள்ளது" என்ற தெளிவான வாக்கியமாக அக்காவின் திரையில் தோன்ற வேண்டும். இத்தகைய இடங்களை ஒவ்வொரு படிவமாகத் திறந்து, அதைப் பயன்படுத்துவோரிடம் கேட்டு, கையாலேயே எழுதினேன்.